டிராலி வந்த ஊர்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் செவி சேஸ் பற்றி ஒரு பக்கக் குறிப்பு வெளியிட்டிருந்தோம். வாஷிங்டன் நகருக்கு வடக்கே, மேரிலாந்து எல்லையைத் தாண்டியதும் வரும் சிற்றூர் அது. 1892ல் மின்சார டிராலி பாதை போட்ட பிறகே அங்கிருந்த பண்ணை நிலங்கள் வீட்டுமனைகளாயின என்று எழுதியிருந்தோம். ஒரு பக்கத்தில் விட்டுப்போனதையெல்லாம் வாசகர்கள் கேள்வியாக அனுப்பியிருக்கிறார்கள். ஒரே விஷயத்தைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

கே: டிராலி என்றால் ஆஸ்பத்திரியில் நோயாளியைத் தள்ளிக்கொண்டு போவது என்றுதான் எங்களுக்குத் தெரியும். நீங்கள் எழுதியது டிராம் வண்டியைத்தானே? ஏன் டிராலி என்கிறீர்கள்? (வாசகர், திருநெல்வேலி)

ப: டிராம் வண்டியேதான். அமெரிக்கர்கள் அதற்கு டிராலி என்று பெயர் வைத்தது, கூரைமேல் இருக்கும் ஒரு சின்ன உறுப்பை வைத்து. வண்டியின் கூரையில் சுமார் 12 அடி நீளக் கம்பம் ஒன்று பின்பக்கமாகச் சாய்ந்து நிற்கும். அதன் நுனியில் ஐந்தாறு அங்குல விட்டமுள்ள வெண்கலச் சக்கரம். கிணற்று ராட்டினத்துக்கு இருப்பது போலவே விளிம்பில் பள்ளம். ராட்டினத்தில் கயிறு ஓடும், சக்கரம் நின்ற இடத்தில் சுழலும். இங்கே கம்பி அசையாது, சக்கரம்தான் அதன் அடியில் உருண்டுகொண்டே போகும். கம்பத்தின் அடியில் உள்ள சுருள்வில்கள் சக்கரத்தைக் கம்பியோடு அழுத்திப் பிடித்திருக்கும். அழுத்தம் ஏழெட்டு கிலோ இருக்கும்.

இதற்கு முன் வேறு மாதிரி செய்து பார்த்தார்கள். கம்பியின் மேல் உருளும் ஒரு குட்டி வண்டியை, கீழே போகும் டிராம் ஒரு வயரால் இழுத்துக்கொண்டு போகும். அந்தக் குட்டி வண்டி அடிக்கடி தடம் பிசகிக் கூரைமேல் விழுந்தது. சக்கரத்தை மேலே வைக்காமல், கம்பிக்கு அடியில் வைத்து மேல்நோக்கி அழுத்தியதும் அந்தத் தொல்லை தீர்ந்தது. அந்தக் குட்டி வண்டியின் 'டிராலி' என்ற பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

கே: மனை விற்கிறவர் எதற்காக ரயில் பாதை போட வேண்டும்? பாதை போட்டதில் லாபம் வந்ததா? (வாசகர், கோவை, இதே கேள்வியை மதுரை, ஈரோடு வாசகர்களும் கேட்டிருக்கிறார்கள்)

ப: லாபம் மனையிலிருந்து வர வேண்டும் என்பதுதான் கணக்கு. டிக்கெட்டிலிருந்து வரும் என்று யாரும் நம்பவில்லை.

செவி சேஸில் மனை விற்ற பிரான்சிஸ் நியூலண்ட்ஸ் நெவாடா மாநிலத்து அரசியல்வாதி. வெள்ளிச் சுரங்கத்தில் பணம் குவித்த ஷரோன் குடும்பத்தின் மருமகன். 1902ல் மேற்கு மாநிலங்களின் பாசனத் திட்டச் சட்டத்துக்குத் தன் பெயரைக் கொடுத்து, பின்னால் செனட்டரானவரும் இவரே. நெவாடா செனட்டர் வில்லியம் ஸ்டூவர்ட்டோடு சேர்ந்து 1890ல் செவி சேஸ் நிலக் கம்பெனியைத் தொடங்கினார். வாங்கிய நிலம் 1,700 ஏக்கருக்கு மேல். ஊர்ப் பெயர் இவர்கள் வைத்ததல்ல. 1725ல் ஜோசப் பெல்ட் என்பவர் பெற்ற நிலப் பட்டாவிலேயே அந்தப் பெயர் இருக்கிறது.

நிலம் மலிவாகக் கிடைத்ததற்குக் காரணம் ஒன்றுதான்: அங்கிருந்து யாரும் நகரத்துக்கு வேலைக்குப் போய்வர முடியாது. ஊருக்கும் நகரத்துக்கும் நடுவில் ராக் கிரீக் ஓடை பள்ளத்தாக்கு வெட்டிக்கொண்டு போகிறது. ஆகவே கம்பெனிக்காரர்கள் கனெக்டிகட் அவென்யூ சாலையைத் தங்கள் செலவில் வடக்கே நீட்டினார்கள், பள்ளத்தாக்குகளுக்குக் குறுக்கே பாலம் கட்டினார்கள், சாலையின் மேலேயே ராக் கிரீக் ரயில்வே என்ற பெயரில் டிராலி பாதையும் போட்டார்கள். கால்வெர்ட் தெருப் பாலம் 1891ல் முடிந்தது. அடுத்த ஆண்டு வண்டி செவி சேஸ் ஏரி வரை ஓடியது.

டிக்கெட் பணத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்தக் காலத்தில் அமெரிக்க டிராம்களின் வழக்கமான கட்டணம் 5 சென்ட். நூறு வீட்டிலிருந்து வீட்டுக்கு ஒருவர் காலையில் போய் மாலையில் திரும்பினால் 200 பயணம், பத்தே டாலர். அதில்தான் மோட்டார்மேன் (வண்டி ஓட்டுபவர்), கண்டக்டர், பவர்ஹவுஸ் ஆட்கள் சம்பளம், நிலக்கரி, தண்டவாளப் பராமரிப்பு எல்லாம். கட்டுமா? கட்டாது. ஆனால் அந்த வண்டி ஓடுவதால் ஒரு ஏக்கரின் விலை பல மடங்கு ஏறினால், வண்டியின் நஷ்டம் விளம்பரச் செலவு மாதிரி ஆகிவிடுகிறது. 'பஸ் ஸ்டாண்டிலிருந்து பத்தே நிமிடம்' என்று நம் ஊர் மனை வியாபாரிகள் அடிக்கும் நோட்டீஸை நினைத்துக்கொள்ளுங்கள். நியூலண்ட்ஸ் பஸ்ஸையும் தானே விட்டார், அவ்வளவுதான் வித்தியாசம்.

கணக்கு உடனே பலித்துவிடவும் இல்லை. மனை விற்பனை தொடங்கிய 1893லேயே அமெரிக்காவில் பெரும் பணமுடை வந்தது. வங்கிகள் மூடின, வீடு கட்ட யாரிடமும் காசு இல்லை. கையில் சுரங்கப் பணம் இருந்ததால் இந்தக் கம்பெனி தாக்குப்பிடித்தது. கடன் வாங்கிப் பாதை போட்ட எத்தனையோ சிறு கம்பெனிகளுக்கு அந்த வசதி இல்லை. ராக் கிரீக் ரயில்வேயை 1895ல் ஒரு பெரிய நகர டிராம் கம்பெனியோடு இணைத்து 'கேபிடல் டிராக்‌ஷன்' ஆக்கினார்கள்.

கே: குதிரை இழுக்கும் டிராம் ஏற்கெனவே இருந்ததே. அதையே ஊர்வரை நீட்டியிருக்கலாமே? (வாசகி, திண்டுக்கல்)

ப: குதிரை மணிக்கு ஐந்தாறு மைல்தான் இழுக்கும். அரை மணி நேரப் பயணத்தை மக்கள் பொறுத்துக்கொள்வார்கள் என்றால், நகர மையத்திலிருந்து மூன்று மைலுக்குள் குடியிருக்க வேண்டும். மின்சார வண்டி நிறுத்தங்களையும் சேர்த்து சராசரியாகப் பத்துப் பன்னிரண்டு மைல் போகும், அதாவது அரை மணியில் ஆறு மைல் வரை. தூரம் இரண்டு மடங்கானால் வட்டத்தின் பரப்பு நான்கு மடங்கு. அந்தக் கூடுதல் மூன்று பங்கு நிலத்தில்தான் இந்தப் புறநகர்கள் எல்லாம் முளைத்தன.

செலவும் உண்டு. குதிரை நாளுக்கு நாலைந்து மணி நேரம்தான் வேலை செய்யும். நாள் முழுவதும் ஒரு வண்டி ஓட ஆறு முதல் எட்டுக் குதிரை கட்டிப்போட வேண்டும். தீவனம், லாடம், கொட்டகை, சாணம். கல் பாவிய தெருவில் நாலைந்து வருடம் இழுத்தால் குதிரை தேய்ந்துவிடும். 1872ல் குதிரைக் காய்ச்சல் வந்தபோது பல அமெரிக்க நகரங்களில் டிராம்களே நின்றுபோயின. ஏற்றமான பாதையில் குதிரை எடுபடவே எடுபடாது. செவி சேஸ் பாதை ஓடைப் பள்ளத்தாக்கைத் தாண்டி மேடேற வேண்டியது.

இந்த விஷயத்தில் நம்பிக்கை ஊட்டியது 1888 பிப்ரவரியில் பிராங்க் ஸ்ப்ரேக் என்ற பொறியாளர் வர்ஜீனியாவின் ரிச்மண்ட் நகரில் ஓட்டிக் காட்டிய பாதை. 12 மைல் பாதை, 40 வண்டி, நூற்றுக்குப் பத்து என்ற அளவுக்கு ஏற்றம். அவருக்கு முன்னும் மின்சார வண்டிகள் ஓடின. ஆனால் மோட்டாரை வண்டித் தளத்தில் வைத்துச் சங்கிலியால் சக்கரத்தைச் சுற்றினார்கள். பாதை குலுக்கியதில் சங்கிலி அறுந்தது. ஸ்ப்ரேக் மோட்டாரின் ஒரு பக்கத்தை நேரே அச்சின்மேல் தாங்கவிட்டு, மறுபக்கத்தைச் சுருள்வில்லில் தொங்கவிட்டார். வண்டி எவ்வளவு ஆடினாலும் பல்சக்கரங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகாது. அவருக்கும் தொல்லை வராமல் இல்லை. மோட்டாருக்குள் மின்சாரத்தைக் கடத்தும் உலோகப் பிரஷ்கள் தீப்பொறி பறந்து தேய்ந்துகொண்டே இருந்தன. கரித்துண்டைப் பிரஷாக வைக்கும் முறை வந்த பிறகே அந்தத் தலைவலி போனது. தன்னைத்தானே மெருகேற்றிக்கொள்ளும் பொருள் கரி.

1890ல் அமெரிக்கத் தெரு ரயில் பாதைகளில் மின்சாரம் சுமார் 15 சதவீதம்தான். 1902ல் 97 சதவீதம்.

கே: வீட்டுக்குக் கரண்ட் வர இரண்டு வயர் வேண்டும். டிராலிக்கு மேலே ஒரே கம்பி. மறு வயர் எங்கே? தண்டவாளமா? அப்படியானால் தண்டவாளத்தை மிதித்தால் ஷாக் அடிக்காதா? (எலெக்ட்ரீசியன், சேலம்)

ப: சரியாகப் பிடித்தீர்கள். தண்டவாளம்தான். பவர்ஹவுஸில் டைனமோவின் பாசிட்டிவ் முனை மேல்கம்பிக்கு, நெகட்டிவ் தண்டவாளத்துக்கு. சுமார் 500 வோல்ட் டி.சி. மேல்கம்பி 8 மில்லிமீட்டர் தடிமனுள்ள இழுத்து இறுக்கிய செம்பு. தண்டவாளத்துக்கு மேல் 18, 19 அடி உயரத்தில் போகும். சுமார் 35 மீட்டருக்கு ஒரு கம்பம்.

தண்டவாளம் மண்ணோடு ஒட்டிக் கிடப்பதால் அதை மிதிப்பவருக்கு ஒன்றும் ஆகாது. விவகாரம் தண்டவாளத்தின் இணைப்பில் இருக்கிறது. ஒரு துண்டு தண்டவாளம் 30 அடி. ஒரு மைலில் 5,280 அடி. அதாவது ஒரு பக்கத்துக்கு 176 இணைப்பு, இரண்டு பக்கத்துக்கு 352. துண்டுகளைச் சேர்க்கும் போல்ட் தட்டு வண்டியின் பாரத்தைத் தாங்கும். ஆனால் துரு ஏறியதும் மின்சாரத்தை விடாது. ஆகவே ஒவ்வொரு இணைப்பிலும் இரு துண்டிலும் துளை போட்டு, துளையைச் சுரண்டிப் பளபளப்பாக்கி, செம்புக் கம்பி ஒன்றை அறைந்து இறுக்குவார்கள். துளை போட்ட அன்றே கம்பியை அறைய வேண்டும். ஓர் இரவு போட்டுவிட்டால் உள்ளே துரு பூத்துவிடும், பிறகு என்ன இறுக்கினாலும் பயனில்லை. அவசரமாக வேலை முடித்த கம்பெனிகள் இதில்தான் கோட்டைவிட்டன.

செம்பு இணைப்பு கெட்டால் மின்சாரம் சும்மா இருக்குமா? பக்கத்தில் புதைத்திருக்கும் தண்ணீர்க் குழாயில் ஏறிப் பவர்ஹவுஸை நோக்கிப் போகும். குழாயில் ஏறும் இடத்தில் கேடில்லை. குழாயைவிட்டு ஈரமண்ணுக்குள் இறங்கும் இடத்தில் இரும்பைக் கரைத்துக்கொண்டே இறங்கும். ஒரே ஒரு ஆம்பியர் வருடம் முழுக்க இப்படி ஒழுகினால் சுமார் 9 கிலோ இரும்பு போய்விடும். ஈயக் குழாயானால் 34 கிலோ. குழாய் பொத்தல் விழுந்து தெரு பொங்கிய பிறகே பல நகராட்சிகளுக்கு விஷயம் புரிந்தது. பாசிட்டிவை மேல்கம்பிக்குக் கொடுப்பதன் ஒரு காரணமும் இதுவே. அப்படிக் கொடுத்தால் அரிப்பு பவர்ஹவுஸைச் சுற்றியுள்ள ஒரு வட்டத்துக்குள் அடங்கும். அங்கே குழாயிலிருந்து நெகட்டிவுக்கு நேரே ஒரு கேபிள் போட்டுவிடலாம். மாற்றிக் கொடுத்திருந்தால் பாதை நெடுக எங்கே ஓட்டை விழும் என்று சொல்ல முடியாது.

நீங்கள் கேட்ட ஷாக் வேறொரு சமயத்தில் நிஜமாகவே அடிக்கும். தண்டவாளத்தின்மேல் காய்ந்த மண்ணோ உறைபனியோ படிந்திருந்தால் இரும்புச் சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் தொடர்பு அறுந்துவிடும். வண்டி நகராது. ஆனால் வண்டியின் இரும்புப் பாகமெல்லாம் 500 வோல்ட்டில் இருக்கும். உள்ளே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. தரையில் ஒரு காலும் படிக்கட்டுக் கைப்பிடியில் ஒரு கையுமாக ஏறுகிறவருக்குத் தெரிந்துவிடும். அப்போது மோட்டார்மேன், வண்டியின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் தன் கைப்பிடியை நிறுத்தத்துக்குக் கொண்டுவர வேண்டும். கண்டக்டர், பாதை மாற்றும் இரும்புக் கம்பியின் ஒரு நுனியை முதலில் தண்டவாளத்தின் சுத்தமான இடத்தில் ஊன்றி, மறு நுனியைச் சக்கரத்தில் சாய்க்க வேண்டும். தண்டவாளத்தை முதலில் தொட வேண்டும் என்பது முக்கியம். மாற்றிச் செய்தால் தரைக்கு மின்சாரம் போகும் வழி அவர்தான்.

கே: பழைய படங்களைப் பற்றிப் படிக்கும்போது, டிராலி மேடேறும்போது உள்ளே விளக்கு மங்கும் என்று வருகிறது. ஏன்? (கல்லூரி மாணவி, தஞ்சாவூர்)

ப: அந்த 8 மில்லிமீட்டர் செம்புக் கம்பிக்கு மைலுக்கு அரை ஓம் மின்தடை. பவர்ஹவுஸிலிருந்து மூன்று மைல் தள்ளி ஒரு வண்டி புறப்படும்போது 60 ஆம்பியர் இழுத்தால், 1.5 × 60 = 90 வோல்ட் வழியிலேயே காலி. 500 புறப்பட்டது 410 ஆக வந்து சேரும். இரண்டு வண்டி ஒரே சமயத்தில் மேடேறினால் இன்னும் மோசம். இதற்காகக் கம்பங்களின்மேல் தடித்த கேபிள் ஒன்றைத் தனியே இழுத்து, அங்கங்கே மேல்கம்பியோடு சேர்ப்பார்கள். செம்பு விலைக்கு அஞ்சி கேபிளைக் குறைத்தால் விளக்கு மங்கும், வண்டி ஊரும், மோட்டார் சூடாகும்.

விளக்குகளைப் பற்றி இன்னொன்று. 500 வோல்ட்டுக்கு அன்று பல்பு கிடையாது. 100 வோல்ட் பல்பு ஐந்தை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்து மாட்டினார்கள். ஒன்று போனால் ஐந்தும் அணையும். நம் ஊர் கல்யாண வீட்டு சீரியல் செட் படுத்தும் பாட்டை அறிந்தவர்களுக்கு இதைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. கண்டக்டர் இருட்டில் நல்ல பல்பு ஒன்றை எடுத்து ஒவ்வொரு இடமாக மாற்றிப் பார்க்க வேண்டியதுதான்.

கே: பாதையின் கடைசியில் ஏரியும் கேளிக்கைப் பூங்காவும் எதற்கு? (வாசகர், புதுச்சேரி)

ப: ஏரி அழகுக்காக வெட்டியதல்ல. கொக்கலின் ரன் என்ற சிற்றோடையை அணை கட்டித் தேக்கினார்கள், பவர்ஹவுஸுக்குத் தண்ணீர் வேண்டும் என்று. நீராவி இயந்திரம் விட்ட ஆவியைக் குளிர்வித்துத் தண்ணீராக்கினால் நிலக்கரி மிச்சமாகும். ஆனால் ஒரு கிலோ ஆவியைத் தண்ணீராக்க இருபத்தைந்து, முப்பது லிட்டர் குளிர்நீர் கேட்கும். நிலக்கரி கொண்டுவரப் பக்கத்திலேயே பால்டிமோர் அண்ட் ஓஹையோ ரயில்வேயின் கிளைப் பாதை அதே 1892ல் வந்து சேர்ந்தது. தண்ணீர், கரி இரண்டும் கிடைக்கும் இடம் பாதையின் வெளி முனை.

பவர்ஹவுஸின் சுமை காலையில் ஒரு முறை உச்சிக்குப் போகும், மாலையில் ஒரு முறை. மற்ற நேரம் பாய்லர் சும்மா எரிந்துகொண்டிருக்கும். அணைத்து மூட்டுவது இன்னும் செலவு. ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போகிறவர்களும் இல்லை. அந்த நேரத்தில் நகரத்திலிருந்து ஆட்களை எதிர்த்திசையில் ஏற்றிவர 1894ல் ஏரிக்கரையில் பூங்கா திறந்தார்கள்: படகு, பேண்டு வாத்தியம், நடனம். வந்தவர்கள் வழியெல்லாம் காலி மனைகளையும் பார்த்துக்கொண்டு வருவார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கே: நகரத்துக்குள் மேல்கம்பி கிடையாது என்று குறிப்பில் ஒரு வரி வருகிறது. பிறகு வண்டி எப்படி உள்ளே போயிற்று? நம் சென்னையிலும் டிராம் ஓடியதே, அது எந்த வகை? (வாசகர், சென்னை)

ப: வாஷிங்டனின் பழைய நகரப் பகுதியில் தலைக்கு மேல் டிராம் கம்பி கட்டக் கூடாது என்று அமெரிக்க நாடாளுமன்றம் தடை போட்டது. காரணம் பார்வைக்கு அசிங்கம் என்பதே. ஆகவே நகரத்துக்குள் மின்சாரம் தெருவுக்கு அடியில் போயிற்று. இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே முக்கால் அங்குலப் பிளவு. அதன் கீழே ஒரு சுரங்கக் கால்வாய், அதில் ஆறு அங்குல இடைவெளியில் இரண்டு இரும்புப் பட்டைகள், ஒன்று பாசிட்டிவ், ஒன்று நெகட்டிவ். வண்டியின் வயிற்றிலிருந்து ஒரு தகட்டை அந்தப் பிளவுக்குள் இறக்குவார்கள். ஏர்க்கொழு போல இருப்பதால் அதற்கு ஆங்கிலத்தில் கலப்பை என்று பொருள்படும் 'ப்ளவ்' (plow) என்றே பெயர். இங்கே தண்டவாளத்துக்கு மின்சார வேலை இல்லை, ஆகவே குழாய் அரிப்பும் இல்லை.

எல்லையில் ஒரு குழி இருக்கும். வண்டி அதன் மேல் வந்து நிற்கும். குழிக்குள் இருக்கும் ஆள் கொழுவைக் கழற்றி எடுப்பார், அல்லது மாட்டுவார். மேலே கண்டக்டர் கயிற்றைப் பிடித்துக் கம்பத்தை ஏற்றுவார், அல்லது இறக்கிக் கட்டுவார். பழகிய ஆட்களுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. கொழு இன்னும் உள்ளே இருக்கும்போதே மோட்டார்மேன் நகர்த்திவிட்டால் கொழு முறியும், பின்னால் வரிசையாக வண்டிகள் நிற்கும்.

சென்னை விஷயம்: 1895 மே 7 அன்று ஓடத் தொடங்கிய சென்னை டிராம்தான் இந்தியாவின் முதல் மின்சார டிராம். அதுவும் முதலில் இந்தச் சுரங்கக் கால்வாய் முறையில்தான் தொடங்கியது. வடகிழக்குப் பருவமழையில் கால்வாய்க்குள் தண்ணீர் ஏறினால் பாசிட்டிவும் நெகட்டிவும் தண்ணீரிலேயே கைகோத்துக்கொள்ளும். சில ஆண்டுகளிலேயே மேல்கம்பிக்கு மாறினார்கள். 1953 ஏப்ரல் வரை ஓடியது. செவி சேஸில் டிராலிக்காக ஓடையைத் தேக்கி ஏரி செய்தார்கள். சென்னையில் வீட்டுமனைக்காக, 1920களில், நீண்ட ஏரியைத் தூர்த்து மாம்பலத்தை, அதாவது தியாகராய நகரை, உண்டாக்கினார்கள்.

கே: அந்த ஊரில் யார் வேண்டுமானாலும் மனை வாங்க முடிந்ததா? (வாசகி, விழுப்புரம்)

ப: முடியாது. கிரயப் பத்திரத்திலேயே நிபந்தனை எழுதினார்கள். கனெக்டிகட் அவென்யூவில் கட்டும் வீடு 5,000 டாலருக்குக் குறையக் கூடாது, பக்கத் தெருக்களில் 3,000. சாலையிலிருந்து முறையே 35 அடி, 25 அடி உள்ளே தள்ளிக் கட்ட வேண்டும். கடை, தொழில் எதுவும் கூடாது. சாமான் வாங்க நகரத்துக்கு வண்டியேற வேண்டியதுதான்.

பத்திரத்தில் நிறம் பற்றி எழுதாமலே விலை அந்த வேலையைச் செய்தது. விலை போதாத இடத்தில் கம்பெனி கோர்ட்டுக்குப் போயிற்று. 1906ல் பெல்மாண்ட் என்ற பகுதியை விற்றார்கள். வாங்கியவர்கள் அதைக் கறுப்பினக் குடும்பங்களுக்கு மனை போட்டு விற்பதாகத் தெரிந்ததும் வழக்குத் தொடுத்து, நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். நியூலண்ட்ஸின் மனம் எதிலிருந்தது என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை: கறுப்பின ஆண்களின் வாக்குரிமைக்கு அடிப்படையான 15வது அரசியல் சட்டத் திருத்தத்தையே நீக்க வேண்டும் என்று 1912ல் பகிரங்கமாகச் சொன்னவர் அவர். அகலச் சாலையையும் மரநிழலையும் புகழ்ந்து எழுதிய எங்கள் பக்கக் குறிப்பில் இதையும் சொல்லியிருக்க வேண்டும்.

கே: எப்போது நின்றது? (வாசகர், நாகர்கோவில்)

ப: செவி சேஸ் பாதையில் 1935 செப்டம்பரில் பஸ் வந்தது. வாஷிங்டனின் கடைசி டிராம் 1962 ஜனவரி 28 வரை ஓடியது. சொந்தக் கார் வந்தது ஒரு காரணம். 5 சென்ட் கட்டணத்தைப் பல நகரங்கள் நெடுங்காலம் உயர்த்த விடாதது இன்னொன்று. மூன்றாவதை அதிகம் பேர் சொல்வதில்லை: தண்டவாளங்களுக்கு நடுவிலும் வெளியே இரண்டடியும் சாலையைப் பராமரிப்பது டிராம் கம்பெனியின் பொறுப்பு என்று பல நகரங்களின் உரிமத்தில் இருந்தது. குதிரைக் காலத்தில் குதிரை மிதித்துக் கெடுத்ததற்காகப் போட்ட விதி அது. குதிரை போன பிறகும் விதி போகவில்லை. டிராம் கம்பெனி செப்பனிட்ட சாலையில் கார்களும் பஸ்களும் ஓடின.

கே: நான் அறிவியல் ஆசிரியர். மோட்டார்மேன் கைப்பிடியைப் படிப்படியாகத் திருப்பி ஓட்டுவார் என்று எழுதியிருந்தீர்கள். அதைப் பள்ளிக் கண்காட்சியில் செய்து காட்ட முடியுமா? (ஆசிரியர், கரூர்)

ப: முதலில் அசல் எப்படி என்று பார்ப்போம். வண்டிக்கு இரண்டு மோட்டார். நிற்கும் மோட்டாருக்கு 500 வோல்ட்டை நேரே கொடுத்தால் எக்கச்சக்க மின்சாரம் பாயும். சக்கரம் வழுக்கும் அல்லது பியூஸ் போகும். ஆகவே முதல் படியில் இரண்டு மோட்டாரும் தொடராக, கூடவே இரும்பு மின்தடைகளும். அடுத்தடுத்த படிகளில் தடை ஒவ்வொன்றாகக் கழலும். தடை முழுக்கப் போனதும் மோட்டாருக்கு 250 வோல்ட், பாதி வேகம். பிறகு இரண்டையும் பக்க இணைப்புக்கு மாற்றி, மறுபடி தடையோடு தொடங்கி, கடைசிப் படியில் ஒவ்வொன்றுக்கும் முழு 500. தொடராக இருக்கும்போது ஒரே மின்சாரம் இரண்டு மோட்டாரையும் கடந்துபோகிறது. அதனால் புறப்படும் நேரத்தில் கம்பியிலிருந்து இழுப்பது பாதியாகிறது. 1890களின் தொடக்கத்தில் வந்த இந்த ஏற்பாடுதான் நீண்ட புறநகர்ப் பாதைகளுக்குக் கட்டுப்படியானது.

தடை இருக்கும் படிகளில் கைப்பிடியை நிறுத்தி ஓட்டக் கூடாது. தடை பழுக்கக் காயும், தளப்பலகை கருகும். நின்று ஓட்டலாம் என்றால் முழுத் தொடர், முழுப் பக்க இணைப்பு, இரண்டே இடம். நிறுத்தும்போது படிப்படியாகத் திரும்பக் கூடாது, ஒரே இழுப்பில் நிறுத்தத்துக்கு வர வேண்டும். மெதுவாக இழுத்தால் உள்ளே தீப்பொறி நீண்டு செம்பு முனைகளைத் தின்றுவிடும்.

கண்காட்சிக்கு: ஒரே மாதிரி 6 வோல்ட் பொம்மை மோட்டார் இரண்டு, 1.5 வோல்ட் பேட்டரி நான்கு, 10 ஓம் 5 வாட் தடை ஒன்று, தடையைத் தவிர்த்து மின்சாரத்தை நேரே விட அதன் குறுக்கே ஒரு சாதாரண சுவிட்ச், ஆறு முனையுள்ள இருவழி சுவிட்ச் ஒன்று. மோட்டார் ஒவ்வொன்றின் அச்சிலும் ஒரு அட்டைச் சக்கரம் ஒட்டி, விளிம்பில் வெள்ளைப் புள்ளி வையுங்கள், வேகம் கண்ணுக்குத் தெரியும். இருவழி சுவிட்சின் நடு முனைகளில் ஒன்று முதல் மோட்டாரின் வெளிமுனைக்கு (மின்சாரம் வெளியேறும் முனை), மற்றது இரண்டாவதன் உள்முனைக்கு (மின்சாரம் நுழையும் முனை). ஒரு பக்கம் தள்ளினால் முதலாவதின் வெளிமுனை இரண்டாவதின் உள்முனையோடு சேர வேண்டும், அது தொடர். மறுபக்கம் தள்ளினால் முதலாவதின் வெளிமுனை பேட்டரி நெகட்டிவுக்கும், இரண்டாவதின் உள்முனை பாசிட்டிவுக்கும் போக வேண்டும். அது பக்க இணைப்பு. முதலாவதின் உள்முனை எப்போதும் பாசிட்டிவில், இரண்டாவதின் வெளிமுனை எப்போதும் நெகட்டிவில். தடை பாசிட்டிவ் வயரில், இவை எல்லாவற்றுக்கும் முன்னால்.

மலிவான சுவிட்ச் சிலவற்றில் நடுவே தள்ளும்போது இரண்டு பக்கமும் ஒரு கணம் தொட்டுக்கொள்ளும். பேட்டரியின் இரு முனையும் அப்போது நேரே சேர்ந்துவிடும். அதனால் பக்கம் மாற்றும்போதெல்லாம் தடை சுற்றில் இருக்கட்டும். மாற்றிய பிறகே தடையின் குறுக்கே உள்ள சுவிட்சைப் போடுங்கள். நடுவில் நிறுத்தம் உள்ள சுவிட்ச் கிடைத்தால் அதையே வாங்குங்கள்.